முடிக்காமல் விட்ட துவைகல்

லமேலா, 14 நவம்பர் 1976

அன்புத் தங்கை தியோலிந்தாவுக்கு,

இந்தத் தாள் உன் கையைச் சேரும்போது நீ எழுந்து நடமாடிக்கொண்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நானும் நடமாடுகிறேன், முழங்கால் சம்மதிக்கிற அளவுக்கு.

இது யார் கையெழுத்து என்று யோசிப்பாய். உன் அண்ணன் பெலார்மினோவின் கையெழுத்துதான். எழுபத்திரண்டு வயதில் எழுதக் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. டீச்சர் கிராசியேட்டி நகரத்துப் பெண். கால்சட்டை போட்டிருக்கிறாள், ஆனால் பொறுமைசாலி. "ஐயா, பென்சில் ஒண்ணும் மண்வெட்டி இல்ல, இவ்வளவு அழுத்தாதீங்க" என்று தினமும் சொல்கிறாள். அழுத்தாமல் எழுதினால் எழுதின மாதிரியே இல்லை எனக்கு.

இத்தனை வருஷமாக உன் கடிதங்களை அபீலியோ தன் கடையில் நின்று உரக்க வாசித்தான். குடிக்க வந்தவர்கள், உப்பு வாங்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். நான் சொல்லச் சொல்ல அவன்தான் பதிலும் எழுதினான். இது யார் காதிலும் விழாமல் உன்னிடம் வருகிற என் முதல் கடிதம்.

இப்போது கண்ணில் படுவதை எல்லாம் வாசிக்கிறேன். மத்தி மீன் டப்பா, சிமெண்ட் மூட்டை, பஸ்ஸின் நெற்றி. அபீலியோ கடையில் ஒயின் பீப்பாய்க்கு மேலே கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு பலகை தொங்குமே, அது ஏதோ ஜெபம் என்று நினைத்து நாற்பது வருஷமாகத் தொப்பியைத் தூக்கி வணங்கிவந்தேன். போன வாரம் வாசித்தேன். "இன்று ரொக்கம், நாளை கடன்" என்று எழுதியிருக்கிறது. அபீலியோவிடம் கேட்டேன். "நீ கும்பிட்டதுக்கு நான் என்ன பண்ணட்டும், பக்தியைக் கெடுக்க மனசு வரல" என்றான்.

உன் மகன் அல்பானோ நன்றாக வேலை செய்கிறான். ஆகஸ்டில் நீ பிரான்சிலிருந்து வந்து ஊற்றடியில் முதல் கல் வைத்தாயே, அந்தத் துவைக்கும் துறைக்குச் சுவர் எழும்பிவிட்டது. தொட்டியும் முடிந்தது. வாசலில் பலகை வைத்திருக்கிறான்: "ஒப்பந்தக்காரர்: அல்பானோ". இருபது வருஷம் பிறர் பெயரில் கல் சுமந்தவன். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று வாசிக்கிறேன்.

கை வலிக்கிறது. இதை எழுத ஒரு வாரம் ஆயிற்று.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அண்ணன்,
பெலார்மினோ

கிளெர்மோன், 5 டிசம்பர் 1976

என் அண்ணாவுக்கு,

உங்கள் முழங்காலுக்கும் உங்களுக்கும் என் வணக்கம். உங்கள் கடிதம் வந்த அன்று அதை ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். மகள் ஐரீன், "யாரும்மா எழுதிருக்கா, இப்படிச் சிரிக்கிறே?" என்று கேட்டாள். காண்பித்தேன். "மாமா எழுத்து வேலி கட்டின மாதிரி இருக்கு" என்றாள். வேலி என்றாலும் நல்ல வேலி, அண்ணா. ஆடு தாண்டாது.

இங்கே எல்லோரும் நலம். குளிர் வந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் களைப்பு. வயதானால் அது கூடவே வரும்.

துறையைப் பற்றி நீங்கள் எழுதியதை மூன்று தடவை வாசித்தேன். ஜனவரி மாதத்து ஆறு உங்களுக்கு நினைவிருக்கிறதா? கரையோரப் பனிக்கட்டியை உடைத்துவிட்டுத்தான் துணியை முக்குவோம். அம்மாவின் கைவிரல்கள் கோடையில்கூட நிமிராது. மற்றப் பெண்கள் புனித அந்தோணியாரிடம் மாப்பிள்ளை கேட்டார்கள். நான் கேட்டது துவைக்கிற இடத்துக்கு மேலே ஒரு கூரை. கிழவியான பிறகு கொடுக்கிறார், அதுவும் என் மகன் கையால். குறை சொல்ல மாட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு அல்பானோ இங்கே வருகிறான். அவனிடம் உலர்ந்த கஷ்கொட்டை கொடுத்து அனுப்புங்கள். புகைபோட்ட இறைச்சி வேண்டாம், இப்போதெல்லாம் இறங்குவதில்லை.

கையை வலிக்கவிடாமல் எழுதுங்கள்.

தங்கை தியோலிந்தா

லமேலா, 30 ஜனவரி 1977

அன்புத் தங்கைக்கு,

உனக்கும் ஐரீனுக்கும் சுகம் உண்டாகட்டும். எனக்குச் சளி பிடித்து, தேனும் பிராந்தியும் குடித்துச் சரியாயிற்று. சளி போன பிறகும் மருந்தைத் தொடர்கிறேன்.

அல்பானோ உன்னிடமிருந்து திரும்பி வந்தான். துறைக்குக் கூரை போட்டான். ஓடு நன்றாக உட்கார்ந்திருக்கிறது. பிறகு வேலையை நிறுத்திவிட்டான்.

பாக்கி இருப்பது ஒரு காலை வேலை. ஊற்றுக்கும் தொட்டிக்கும் நடுவே பாறையில் ஒரு முழம் வெட்டினால் தண்ணீர் தானாக இறங்கும். அப்புறம் மூலையில் கடைசித் துவைகல்லைச் செதுக்கிப் பதிக்க வேண்டும். அவ்வளவுதான். தினமும் உளியை எடுத்துக்கொண்டு போகிறான். ஊற்றுப் பக்கத்தில் உட்காருகிறான். மத்தியானம் அதே உளியோடு திரும்பி வருகிறான்.

நான் கேட்டேன். மழை என்றான். மழை நின்றதும் கேட்டேன். கல் ஈரம் என்றான். கருங்கல் எப்போதடா ஈரத்தைப் பார்த்துப் பயந்தது?

பெண்கள் சும்மா இருப்பார்களா? பனியில் இன்னமும் ஆற்றுக்குத்தான் போகிறார்கள். போகிற வழியில் துறைக்கு முன்னால் நின்று கூடையை இறக்கிவைத்துத் திட்டிவிட்டுப் போகிறார்கள். உம்பெலினாவைத் தெரியுமே உனக்கு, வாயில் ஆணி அடித்தாலும் பேசுவாள். "துறை தயார்டி! தண்ணி மட்டும் பிரான்ஸ்லேர்ந்து வரணுமாம்" என்றாள். இன்னொருத்தி, "கூரை இருக்கு, தொட்டி இருக்கு, ஊர்ப் பூனைங்களுக்கு நல்ல சத்திரம்" என்றாள். அல்பானோ தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். அவன் அப்பனாக இருந்தால் கூடையை ஆற்றில் எறிந்திருப்பான்.

அங்கே ஏதாவது சண்டையா? நீ ஏதாவது சொன்னாயா? எனக்கு எழுது. இப்போது நான் தனியாக வாசிக்கிறேன், மறந்துவிடாதே.

அண்ணன் பெலார்மினோ

கிளெர்மோன், 20 பிப்ரவரி 1977

அண்ணாவுக்கு,

நலமாக இருங்கள். இங்கே எல்லோரும் நலம். பனி பெய்கிறது. ஐரீனின் சின்னவளுக்குப் பல் விழுந்தது.

அல்பானோவுடன் சண்டை எதுவும் இல்லை. அவன் களைத்துப்போயிருப்பான், விடுங்கள். தானாக முடிப்பான்.

கொஞ்சமாகத்தான் எழுதுகிறேன். அடுத்த முறை நிறைய எழுதுவேன்.

தியோலிந்தா

லமேலா, 20 மார்ச் 1977

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. பல் விழுந்த குழந்தைக்கு என் முத்தம். உன் எழுத்து இந்த முறை சாய்ந்து, வரியை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. டீச்சரிடம் காட்டினால் மதிப்பெண் குறைப்பாள் என்று சொல்லிச் சிரிக்கலாம் என நினைத்தேன். சிரிப்பு வரவில்லை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் ஊராட்சிக் கதவில் புதுத் தாள் ஒட்டியிருந்தது. நகராட்சி முத்திரை. ஊரே சுற்றி நின்றது. அபீலியோ கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தான். நான் அவனை முழங்கையால் தள்ளிவிட்டு முன்னால் போனேன். தியோலிந்தா, எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? முதல் தடவையாக ஊருக்கு நான் வாசித்துக்காட்டப் போகிறேன். தொண்டையைச் செருமிக்கொண்டு விரலை வைத்து ஆரம்பித்தேன். "பொதுக் கட்டட வேலைகளைக் குறித்த காலத்தில் முடிக்காத ஒப்பந்தக்காரர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கை." நீளமான வார்த்தைகள். ஒன்றுகூட இடறவில்லை. அடுத்த வரியில் உன் மகன் பெயர் இருந்தது.

நிறுத்திவிட்டேன். பின்னாலிருந்து உம்பெலினா, "ஏன்யா நிறுத்திட்டே? எழுத்து தீந்துபோச்சா?" என்றாள்.

நான் வாசிக்காவிட்டால் அபீலியோ வாசிப்பான். ஆகவே வாசித்தேன். முதல் தவணை முடிந்துவிட்டது. இது எழுத்து மூலமான எச்சரிக்கை. மே மாதக் கடைசி வரை இரண்டாவது தவணை. அதற்குள்ளும் முடிக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்தாகும், மிச்ச வேலை வேறொருவருக்குப் போகும், அவன் பெயரை ஒப்பந்தக்காரர் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவார்கள். ஐந்து வருஷத்துக்கு எந்தப் பொது வேலையும் எடுக்க முடியாது. தகுந்த காரணம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். எவை தகுந்த காரணம் என்றும் போட்டிருக்கிறது: வெள்ளம், நிலநடுக்கம், மின்னல், கொள்ளைநோய், போர். நான் வானத்தைப் பார்த்தேன். மேகம்கூட இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. உம்பெலினாகூட.

ஐந்து வருஷம் கழித்து அவனுக்கு வயது ஐம்பதை நெருங்கும். அதற்குப் பிறகு யார் வேலை கொடுப்பார்கள்? சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். தன் பெயர்ப் பலகையை அவனே கழற்றிக் கொண்டுவந்து அடுப்படியில் சாய்த்து வைத்திருந்தான். "காரணம் எழுதிக் குடுடா. நீ சொல்லு, நான் எழுதறேன், அழகா எழுதறேன்" என்றேன். "மாமா, அதை எழுத முடியாது" என்றான்.

எதை?

பதில் எழுது.

அண்ணன்

லமேலா, 17 ஏப்ரல் 1977

அன்புத் தங்கைக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று நம்ப விரும்புகிறேன். போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபால் அபீலியோ கடைக்குத்தான் வரும்; அவன் என்னைப் பார்த்ததும் தூரத்திலேயே இல்லை என்று தலையை ஆட்டிவிடுகிறான்.

ஈஸ்டர் கழிந்து ஊற்றுக்குப் போனேன். அல்பானோ அங்கேதான் உட்கார்ந்திருந்தான். சோள ரொட்டியும் ஆலிவும் கொண்டுபோயிருந்தேன். சேர்ந்து சாப்பிட்டோம்.

"ஒரு காலை வேலைடா" என்றேன்.

"தெரியும் மாமா."

"அப்போ உளியைக் குடு. நானே வெட்டறேன்."

பாய்ந்து என் கையைப் பிடித்தான். வலித்தது. "தொடாதீங்க! கூடு முடிஞ்சா..." என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றுத் தண்ணீரை வாரி அடித்துக் கழுவினான்.

மீதியைச் சொல்ல வேண்டியதே இல்லை. கூடு முடிஞ்சுது, வால்காக்கை செத்துது. நம் ஊரில் இதைத் தெரியாத கொத்தன் உண்டா? என் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சு கிடையாது. பாதிரியார் வீட்டில் ஒரு ஜன்னலுக்குக் கதவே போடவில்லை. எல்லா வீட்டிலும் ஏதாவது ஒன்றை விட்டுவைப்போம், வீட்டுக்காரன் நீண்ட நாள் இருக்கட்டும் என்று. முழுக்க முடித்துக் கொடுக்கிற கொத்தனை நாம் இரண்டாவது தடவை கூப்பிடுவதில்லை.

ஆனால் துறை ஊருக்குச் சொந்தம். எந்த வால்காக்கைக்காக இவன் பயப்படுகிறான்? இதை யோசித்துக்கொண்டே மலையிறங்கினேன். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. முதல் கல்லை வைத்தவள் நீ. "இது அம்மாவோட துறை" என்று ஆகஸ்டில் அவன் எல்லோரிடமும் சொன்னான். சின்ன மூலையை விட்டுவைத்தால் போதாது என்று தண்ணீரையே விட்டுவைத்திருக்கிறான் என்றால், அவன் பயமும் சின்னதில்லை.

இறைச்சி இறங்குவதில்லை என்று எழுதினாய். எழுத்து சாய்கிறது. கிறிஸ்துமஸுக்கு அங்கே போய் உன்னைப் பார்த்தவன் வேறு ஆளாகத் திரும்பினான். இத்தனை வருஷமும் "எல்லோரும் நலம்" என்று எழுதினாய். கடை நிறைய ஆள் இருக்கும்போது வேறென்ன எழுதுவாய்? இப்போது கடை இல்லை. நான் மட்டும்தான் இருக்கிறேன். கதவைச் சாத்திவிட்டேன்.

எனக்குச் சொல்.

பெலார்மினோ

கிளெர்மோன், 1 மே 1977

என் அண்ணாவுக்கு,

கதவைச் சாத்தியது சரிதானா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மார்பில் கட்டி வந்தது. ஜனவரியில் ஆஸ்பத்திரியில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். இடது பக்கம். கை தூக்கக் கஷ்டமாக இருக்கிறது, படுத்துக்கொண்டு எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து சாய்கிறது. இப்போது வாராவாரம் மருத்துவமனைக்குப் போய் எந்திரத்துக்கு அடியில் படுக்கிறேன். டாக்டர் சின்னப் பையன். "சரியாயிடுமா?" என்றேன். "நல்லா இருக்கீங்கம்மா, பொறுத்துப் பாப்போம்" என்றான். பாதி நாள் நல்லாத்தான் இருக்கிறேன். மீதிப் பாதி நாள் பொறுத்துப் பார்க்கிறேன்.

உங்களிடம் சொல்லக்கூடாது என்று நினைக்கவில்லை. எப்படிச் சொல்வது என்று இருபது வருஷப் பழக்கத்தில் மறந்துவிட்டது. அபீலியோ கடையில் நின்று "மார்பு" என்று உரக்க வாசிப்பதை நினைத்துப் பாருங்கள். உம்பெலினா உப்பு வாங்கவே மறந்திருப்பாள். நீங்கள் தனியாக வாசிக்க ஆரம்பித்த பிறகும் என் கை பழையபடியே "எல்லோரும் நலம்" என்று எழுதியது. அல்பானோவிடமும், "மாமாகிட்ட மூச்சு விடாதே" என்று சத்தியம் வாங்கினேன்.

ஆனால் அவன் இப்படிச் செய்வான் என்று எனக்குத் தெரியாது! கடிதத்தை வாசித்ததும் முதலில் அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது, கோபம்தான் நின்றது. வைக்கோல் பரணை முடித்த வாரமே நம் அப்பா போனதை அவன் சின்ன வயதில் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கு எண்பத்து மூன்று வயது என்பதை மட்டும் சொன்னதில்லை.

என்னைக் காப்பாற்றுகிறேன் என்று ஊர்ப் பெண்களை ஆற்றுக்கு அனுப்புகிறானா? அந்த ஆற்றிலிருந்து அவர்கள் கையை எடுக்கத்தானே நான் அந்தக் கல்லை வைத்தேன்? நான் போகிற நாள் எப்போது என்று எனக்குத் தெரியாது. அவன் பெயரை அடித்துவிட்ட பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை.

இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடுக்காதீர்கள். வேகமாக வாசித்துவிட்டு எழுந்து போய்விடுவான். நீங்களே வாசித்துக் காட்டுங்கள், உங்கள் வேகத்தில். அவன் அழுதாலும் அழுது முடிக்க நேரம் இருக்கும்.

இதையும் சொல்லுங்கள்: "ஏதாவது மிச்சம் வெச்சாத்தான் உனக்கு மனசு ஆறும்னா வெச்சுக்கோடா. தண்ணியில கை வைக்காதே."

தியோலிந்தா

லமேலா, 5 ஜூன் 1977

என் அன்புத் தங்கைக்கு,

முதலில் உன் உடம்பு. நீ பாதி நாள் நன்றாக இருப்பதாகச் சொன்னாய், அதை முக்கால் நாளாக ஆக்கும்படி புனித அந்தோணியாரிடம் பேசியிருக்கிறேன். துறை விஷயத்தில் அவர் தாமதித்ததையும் நினைவுபடுத்தினேன்.

உன் கடிதத்தை முதலில் நான் தனியாக வாசித்தேன். பிறகு வெகுநேரம் கோழிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

அல்பானோவை என் சமையலறைக்குக் கூப்பிட்டேன். மேஜையில் தாளை விரித்து ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே விரல் வைத்து வாசித்தேன். "கட்டி" என்ற வார்த்தையில் நானே நின்றுவிட்டேன். "அடுத்தது என்ன மாமா?" என்றான். "இருடா, நான் புதுசு" என்றேன். அப்பாவின் வயதுக்கு வந்தபோது அவன் தலையைத் தூக்கி, "எண்பத்து மூணா?" என்றான். "ஆமா. அதுவும் ஏணிமேல ஏறி ஒயின் எடுக்கப் போனப்ப" என்றேன். அழுதுகொண்டே சிரித்தான். நீ சொன்னது சரி. நேரம் போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலை பாறையை வெட்டினான். தண்ணீர் முதலில் சேற்றுநிறமாக வந்தது, பிறகு தெளிந்தது. யார் சொல்லிப் போனார்களோ, பெண்கள் எல்லோரும் ஓடிவந்தார்கள். உம்பெலினா கையை முழங்கைவரை தொட்டிக்குள் விட்டாள். "அட, பிரான்ஸ்லேர்ந்து வந்துடுச்சு!" என்று கத்தினாள். பிறகு அல்பானோவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். உன் உடம்பு விஷயம் ஊருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதே. நான் சொல்லவில்லை. ஆனால் நான் சொல்லாமல் இருந்த விதத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

கடைசித் துவைகல் மட்டும் மூலையில், வெயில் விழும் இடத்தில். பதித்துவிட்டான். செதுக்கவில்லை. மலையிலிருந்து வந்தபடியே சொரசொரவென்று இருக்கிறது. துணி வைத்தால் கிழியும். "இது அம்மாவோடது" என்றான்.

தவணையின் கடைசி வாரம் நகராட்சிப் பொறியாளர் வலதாரிஷ் ஜீப்பில் வந்தார். கண்டிப்பான ஆள் என்று பெயர். கூரை ஓடுகளை எண்ணினார், தண்ணீரை அளந்தார், ஒவ்வொரு கல்லையும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தார். மூலைக் கல்லில் கை நின்றது.

"இது என்ன?"

அல்பானோ தொப்பியைக் கசக்கினான். உம்பெலினா முன்னால் வந்தாள்.

"அது பிரான்ஸ்ல இருக்கிறவளுக்கு, சார். அவ வந்து துவைச்சுத் துவைச்சு வழவழப்பாக்குவா."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"உங்களுக்கு என்ன அவசரம்?"

"யாரும்மா அவங்க?"

"இவன் அம்மா" என்றேன் நான். "முதல் கல் அவ வெச்சது. உடம்பு சரியில்ல."

அவர் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லிய குரலில், ஏதோ அல்பானோவுக்கு மட்டும் சொல்வதுபோல, "என் வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி போடலப்பா. பதினோரு வருஷமா பெண்டாட்டிகிட்ட திட்டு வாங்கறேன்" என்றார். அவரும் பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர்தானாம்.

ஆனால் விதி விதிதான் என்றார். தாமதத்துக்கான எச்சரிக்கை பதிவேட்டில் இருக்கும், அதை எடுக்க முடியாது. பெயரை அடிக்க மாட்டார்கள். "தற்காலிக ஏற்பு" என்று ஒரு தாளில் எழுதினார். சிறு குறை: ஒரு துவைகல். முழு ஏற்பு, கல் வழவழப்பான பிறகு. அதுவரை கோப்பு திறந்தே இருக்கும். தாளை என்னிடம் கொடுத்தார், சாட்சிக் கையெழுத்துக்கு. அபீலியோ மை ஒற்றிய பஞ்சை எடுத்து என் கட்டைவிரலுக்கு நீட்டினான், பழைய ஞாபகத்தில். அவனை ஒரு பார்வை பார்த்தேன். பேனாவை வாங்கி முழுப் பெயரையும் எழுதினேன். பொறியாளர் காத்திருந்தார். ஜீப் டிரைவர் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தான்.

பலகை மறுபடி வாசலில் இருக்கிறது.

உன் அண்ணன்,
பெலார்மினோ

கிளெர்மோன், 26 ஜூன் 1977

அண்ணாவுக்கு,

நல்ல பாதி நாளில் இதை எழுதுகிறேன், வரி நேராக இருப்பதைப் பாருங்கள்.

உம்பெலினா சொன்னதைப் படித்துத் தையல் பிரிந்துவிடும்போலச் சிரித்தேன். டாக்டர் பையனிடமும் ஐரீன் மொழிபெயர்த்துச் சொன்னாள். அவனுக்குப் புரியவில்லை. "அப்ப கல் முடியற வரைக்கும் உங்க கோப்பும் திறந்திருக்குமா?" என்று கேட்டான். முழுக்கப் புரியவில்லை என்றும் சொல்ல முடியாது.

இன்னும் ஒரு சோதனை செய்ய வேண்டுமாம். என்ன பார்க்கிறார்கள் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன், இனி இப்படித்தான்.

ஆகஸ்டில் வருகிறேன். உட்கார முடியாவிட்டால் காரின் பின்சீட்டில் படுத்துக்கொண்டு வருகிறேன். ஒரு கையால்தான் துவைக்க முடியும், அதனால் மெதுவாகத்தான் தேயும். என் கல்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

தியோலிந்தா

லமேலா, 17 ஜூலை 1977

என் தங்கைக்கு,

நல்ல பாதியில் இதை வாசி. மற்றப் பாதியிலும் ஒரு தடவை வாசி.

உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சாண் விட்டுவைத்திருக்கிறேன், கேட்காதே.

கல்லைப் பற்றி ஒரு செய்தி. வியாழக்கிழமை உம்பெலினாவின் புது மருமகள் துறைக்கு வந்தாள். கடற்கரைப் பக்கத்துப் பெண், ஒன்றும் தெரியாது. மூலையில் இடம் காலியாக இருக்கிறதே என்று கம்பளியைப் போட்டு ஒரு காலை முழுக்க அடித்துத் துவைத்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்துப் பெண்கள் எல்லோரும் உள்ளே வந்தார்கள். அவர்கள் போட்ட சத்தத்தில் நான் வீட்டிலிருந்து ஓடினேன், நெருப்பு என்று நினைத்து.

"எழுந்திருடி! எழுந்திருடி அங்கேர்ந்து!" என்று உம்பெலினா தன் சொந்த மருமகளைக் கம்பளியோடு தூக்கினாள். அந்தப் பெண் அழுதுவிட்டாள். "கல்லுதானே அத்தை?" என்றாள். "கல்லு இல்லடி, தியோலிந்தா!" என்றாள் இவள்.

எல்லோரும் குனிந்து தடவிப் பார்த்தோம். ஓர் உள்ளங்கை அளவுக்குத் தேய்ந்து மினுமினுத்தது. நான் என் முகத்தை யாருக்கும் காட்டவில்லை.

அல்பானோ உளியோடு வந்தான். மாவு எந்திரத்துக் கல்லைக் கொத்துவார்களே, அதுபோலத் தேய்ந்த இடத்தை உட்கார்ந்து கொத்தினான். பொறி பறந்தது. முன்பு இருந்ததைவிடச் சொரசொரப்பாக ஆக்கிவிட்டுத்தான் எழுந்தான். பிறகு அந்தக் கடற்கரைப் பெண்ணே முதலில் வந்து தடவிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம், அண்ணே. இந்தப் பக்கம்" என்றாள்.

இப்படிக் கொத்தியது குற்றமாகுமோ என்று எனக்கு ஒரு கவலை வந்தது. நேரே ஊராட்சிக் கதவுக்குப் போய் அந்தத் தாளை முதலிலிருந்து வாசித்தேன், பின்பக்கத்தில் இருப்பதையும் கிளார்க்கிடம் கேட்டு வாசித்தேன். வேலையை முடிக்காத ஒப்பந்தக்காரனுக்கு என்னென்ன தண்டனை என்று எல்லாம் இருக்கிறது. முடிந்த வேலையை மறுபடி முடிக்காத வேலையாக ஆக்குகிறவனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

ஆகவே அவசரமில்லை. பின்சீட்டில் படுத்துக்கொண்டு மெதுவாக வா. கல் காத்திருக்கிறது, தேயும் என்று பயப்படாதே. அவன் உளி கூராக இருக்கிறது.

வாசலில் நிற்கும் உன் அண்ணன்,
பெலார்மினோ